நான்காம் மாடிக் கழிப்பறை

ஜவுளிக்கடையின் நான்காம் மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு வந்த நீர்க்கடுப்பு எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வெளிநாட்டிலிருந்து நல்ல கிருமிகளை வரவழைத்து, தயிரில் கலந்து ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தார். கடுப்பு நின்றது. ஆனால் கிருமிகள் சீக்கிரமே செத்துப்போயின.

காரணம் பார்க்க வந்த நிபுணர், "தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்று கேட்டார்.

"கக்கூஸு கீழ பார்க்கிங்லல்லா இருக்கு சார். ஒருக்க போயிட்டு வந்தா மேனேஜர் சத்தம் போடுவாரு. அதான் குடிக்கதில்ல," என்றாள் முப்பிடாதி.

"அடக்கி வெச்சா கிருமி தாங்காதும்மா."

பெண்கள் வருடக்கணக்காகக் கேட்டும் வராத கழிப்பறை ஒரே வாரத்தில் நான்காம் மாடிக்கு வந்தது. உடம்புக்குள் கிருமி இருப்பவர்களுக்குக் கதவு தானாகவே திறந்தது. சத்தம் போட்ட அதே மேனேஜர் செம்பும் கையுமாக வந்து, "கிருமிக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று ஒவ்வொருத்தியிடமும் விசாரித்தார். முப்பிடாதி வயிறு முட்டக் குடித்தாள்.

புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவுக்கும் அவள்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா கழிப்பறைக்கு ஓடினாள். கதவு திறக்கவில்லை.

"உனக்கு இன்னும் தயிரு குடுக்கலல்லா?" என்றார் காவலுக்கு நின்றவர்.

"அவசரம்ணே."

"அவசரம் உனக்குத்தான? இது கிருமிக்குக் கட்டினதும்மா. ஆளுகளுக்குக் கீழ இருக்கு."

கீழே போய்த் திரும்பியவளை மேனேஜர் சத்தம் போட்டார். ஜெசிந்தா பாட்டிலை இறுக மூடி முப்பிடாதியிடமே கொடுத்துவிட்டாள்.