ஓடாத டிவிடி

கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் அப்படியே உறைந்து நின்றாள்.

டிவிடியில் ஏறிய வீடியோக்களின் வரிசை திரையில் இருந்தது. பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது... எல்லாவற்றுக்கும் கடைசியில், குளியலறைச் சுவரும் அவளுடைய அழுத முகமும்.



மாமனார் வீட்டுப் பழைய ப்ளேயரில் செல்போன் வீடியோ ஓடாது. அதனால் நேற்றெல்லாம் உட்கார்ந்து மாற்றினாள். பிள்ளை மடியில் துள்ளிய துள்ளலில் ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியவில்லை. ஃபோல்டரை மொத்தமாக இழுத்துப் போட்டுவிட்டாள்.

பிரசவமான புதிதில், கதவைத் தாழிட்டுக்கொண்டு தோழிக்கு அனுப்ப எடுத்த வீடியோ அது. அனுப்பவில்லை. அழிக்கவும் மறந்துபோனாள்.

"எனக்கு இந்தக் குழந்தை வேண்டாம்டி. எங்கயாவது போட்டுட்டு ஓடிடலாம் போல இருக்கு..."

காலையில் வேலைக்குப் போகும்போதே கணவன் டிவிடியை அங்கே கொடுத்துவிட்டான். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

எல்லாரும் என்றால் அண்ணியும்தான். கணவனின் அக்கா. மகளோடு மாமனார் வீட்டிலேயே இருப்பவள். பிள்ளைக்குச் சளி பிடித்தாலே, "பெத்தா மட்டும் போதுமா? பார்த்துக்கத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பவள். இதைப் பார்த்தால் சும்மா விடுவாளா? 'இவளை நம்பிப் பிள்ளையை விடாதடா' என்று தம்பியிடம் சொல்லிப் பிடுங்கிவிட மாட்டாளா?

கணவன் போனை எடுக்கவில்லை; வேலையிலிருந்து நேரே அங்கே போயிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த மாமனார் வீட்டுக்கு ஓடினாள்.

வாசலிலேயே கணவனின் கத்தல் கேட்டது. போச்சு. பார்த்துவிட்டார்கள்.

"உனக்கு அறிவிருக்கா அக்கா?"

அக்காவா?

உள்ளே எட்டிப் பார்த்தாள். கணவன் கையில் டிவிடி. அதன் முதுகெல்லாம் கீறல்.

"தூசியா இருந்துதுடா. பாத்திரம் தேய்க்கிற நாரால லேசாத் தேய்ச்சேன்."

"இதுவா லேசு? ஆபீஸ்ல நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாடிதானே உட்கார்ற? டிவிடியை யாராவது நார் போட்டுத் தேய்ப்பாங்களா?"

மாமனார் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார். "விட்டா டிவியையே சோப்புப் போட்டுக் கழுவுவா! பேரன் தவழ்றதைப் பார்க்கணும்னு ஆசையா உட்கார்ந்தேன். தம்பி பொண்டாட்டி ஒண்ணு செஞ்சா இவளுக்குப் பொறுக்காது. அத்தனையும் பொறாமை!"

அண்ணி தம்பி கையிலிருந்து டிவிடியை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

வாசலில் நின்றவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. 'நல்லகாலம், அண்ணியோட அசட்டுத்தனம் என்னைக் காப்பாத்திச்சு.'

"பரவாயில்ல மாமா, நான் வேற டிவிடி போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

பின்னாலேயே வந்த அண்ணி கதவைச் சாத்தினாள்.

"சரியா ஓடுதான்னு பார்க்க நான் முன்னாடியே போட்டேன். கடைசி வரைக்கும் பார்த்தேன்."

டம்ளர் கையிலிருந்து நழுவியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, அது... அப்ப ஏதோ... இப்ப சத்தியமா அப்படி இல்ல அண்ணி..."

அண்ணி குனிந்து டம்ளரை எடுத்து வைத்தாள்.

"எதுக்கு இப்படி நடுங்கற? என் பொண்ணு பொறந்தப்ப நானும் இதையேதான் சொல்லி அழுதேன். நல்லவேளை, அப்ப என்கிட்ட கேமரா இல்ல."