திரி வைத்த பக்கம்

"என்ன தாயி இது, சவ ஊர்வலம் மாதிரிப் பையப் பைய நகருது?"

ஊர்க்காவலன் அண்ணாச்சி போனை மாரிசெல்வியிடமே திருப்பி நீட்டினார். சிவகாசியில் இருக்கும் அவருடைய பட்டாசுக் கடைக்காக அவள் செய்திருந்த இணையதளம் அது. தொட்டால் ஒரு பக்கம் ஒதுங்கி, அடுத்த பக்கம் மெல்ல வந்து நின்றது.

"எல்லாத் தளத்துலயும் இப்படித்தான் அண்ணாச்சி மாறும். கண்ணுக்கு இதமா இருக்கும்ல?"

"இதமா இருக்க நான் என்ன எண்ணெய்க் கடையா வச்சிருக்கேன்? தொட்டதும் திரி பத்தணும், சர்ருனு எரியணும், டமார்னு வெடிச்சு அடுத்த பக்கம் தொறக்கணும். வாங்குறவன் அசந்து போகணும்லா? முடியலைன்னா சொல்லிரு. மெட்ராஸ் கம்பெனிக்காரன் நாளைக்கே வாரேங்கான்."

"முடியும் அண்ணாச்சி."

சென்னை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான ஏழாயிரம்பண்ணைக்கு வந்தபின் அவள் சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர். இது கைநழுவினால், காலையில் அம்மாவோடு வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குத்தான் போக வேண்டும்.

தளம் கட்ட அவள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில் பக்கம் மாற இரண்டே வழிதான் இருந்தது: நகர்வது, இல்லையென்றால் மங்கி மறைவது. திரி வேண்டுமென்றால் தானே எழுத வேண்டும். எழுதினாள். நிஜத் திரி ஒன்றைக் கொளுத்தி அதன் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து சேர்த்தாள்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தாள்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி."

"நான் பாத்து என்ன செய்ய? ஏலே சிவபாண்டி, நீ வாங்கிப் பாருலே."

கடை ஆளிடம் தள்ளிவிட்டு, அண்ணாச்சி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

சிவபாண்டி தொட்டான். "யாத்தே, நெசத் திரியே தோத்துச்சு போ! போனுக்கு அடியில ஈரச் சாக்கு விரிக்கணும் போலயே!"

"சத்தம் வருதா?" அண்ணாச்சி திரும்பாமலே கேட்டார். ஷட்டர் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"வருது அண்ணாச்சி. இப்பக் கொறச்சு வச்சிருக்கேன்" என்றாள் மாரிசெல்வி.

"அப்பச் சரி. போட்டுரு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆலைக்காரி மகள் செய்ததைத் தொட்டுப் பார்க்கக்கூடவா மனசு வரவில்லை? மெட்ராஸ்காரன் கொண்டுவந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்திருப்பாரே!

"நீங்க ஒரு தடவை தொட்டுப் பாக்காம நான் போட மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு நல்லா இல்லைன்னு சொல்லிட்டீகன்னா?"

"எதுக்குத் தாயி..."

"பாத்துட்டு வேணாம்னாலும் சொல்லிருங்க, போயிருதேன்."

அவள் சத்தத்தைக் கூட்டி வைத்துப் போனை நீட்டினாள். அண்ணாச்சி கையை வேட்டியில் துடைத்தார். ஒற்றை விரலால் தொட்டார்.

திரி பற்றியது. சர்ர்ர்...

போன் அட்டைப்பெட்டிகள் மேல் பறந்து விழுந்தது. மாரிசெல்விக்கு என்னவென்று விளங்குமுன், அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அண்ணாச்சி தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். அவருடைய ஒரு செருப்பு கடைக்குள்ளேயே கிடந்தது. உள்ளே போன் மட்டும் தன்பாட்டுக்கு டமார் என்றது.

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க தாயி." அவருக்கு மூச்சு வாங்கியது. கண் இன்னும் கடை மேலேயே இருந்தது. "அப்படியே போட்டுரு, சனம் வாங்கும். எம் போனுல மட்டும் அந்தச் சவ ஊர்வலமே இருக்கட்டும். முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி."

சிவபாண்டி செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். நிமிரும்போது அவள் காதோரம் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"கடை வைக்கிறதுக்கு முந்தி அண்ணாச்சியும் அவுக சம்சாரமும் பட்டாசு ஆலையில ஒரே அறையிலதாம்மா வேலை பாத்தாக. அன்னைக்குத் தீப்பிடிச்சப்ப, இவுக மட்டும் ஒத்தையா வெளிய ஓடியாந்துட்டாக."

மாரிசெல்வி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அண்ணாச்சி இன்னும் பிடியை விடவில்லை.