வாயில் ஒரு புல்

லேபிளுக்காக வரைந்த படத்தை விளம்பர மேலாளர் பென்சிலைக் கடித்தபடி பார்த்தார். லேபிள் ஒட்ட வேண்டிய கேன் மேசை மேல் இருந்தது.

"ஆளு மூக்கும் முழியுமா வந்திருக்காரும்மா. வாயில ஒரு புல்லு மட்டும் குறையுது. அது இருந்தாத்தான் விவசாயின்னு பார்த்ததும் தெரியும்."

"புல்லு வேணாம் சார்," என்றாள் படம் வரைந்தவள்.

"நேத்துலேருந்து ஒத்தைக் கால்ல நிக்கறியே. கிராமத்து ஆளுங்களைக் கேலி பண்றோம்னு ரோஷமா?"

"அதெல்லாம் இல்ல சார். நிஜமாவே கடிப்பாங்க. வேலை நடுவுல நாக்கு வறண்டு போகும், தண்ணி எங்கேயோ தூரத்துல இருக்கும். வரப்புல ஒரு புல்லை உருவி அடித்தண்டைக் கடிச்சா லேசா இனிக்கும், வாயும் ஊறும். எங்கப்பா வாயில எப்பவும் ஒண்ணு இருக்கும்."

"அப்புறம் என்ன? உங்கப்பாவையே நினைச்சு வரைஞ்சிடு. பார்த்தா அவரும் சந்தோஷப்படுவாரு."

அவள் மேசை மேல் இருந்த கேனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பக்கத்து வயல்காரர் வரப்புல களை சாகணும்னு இந்த மருந்தைத்தான் அடிச்சிருந்தாரு சார். அப்பாகிட்ட யாரும் சொல்லலை. மறுநாள் காலையில புல்லு பச்சையாத்தான் இருந்துச்சு. கடிச்சாரு. வாயெல்லாம் வெந்து, அப்புறம் மூச்சு விட முடியாம ஆகி, ஆஸ்பத்திரியிலேயே போயிட்டாரு."

மேலாளர் தன் வாயிலிருந்த பென்சிலை மெதுவாக வெளியே எடுத்தார்.