பத்து வயது ஸ்வெட்டர்

கணவனின் வக்கீல் அந்த ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். கொலைக் கத்தியைக்கூட இவ்வளவு பக்குவமாகத் தூக்க மாட்டார்கள்.

அது எப்படி அவர் கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அப்பாவிடம் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. புது ஸ்வெட்டரை அப்பாவுக்குக் காட்டணும் என்று குழந்தை தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது பையில் இல்லை.

"மே மாசத்துல ஸ்வெட்டராம், யுவர் ஆனர்!"

குடும்ப நீதிமன்றம் சிரித்தது. மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டே சிரித்தது.

அவளுடைய வக்கீல் எழுந்தார். விடுமுறைக்குக் குழந்தையைப் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் அனுமதி கேட்கிறார்கள். வீடு மெல்போர்னில். மே மாதம் அங்கே குளிர். பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடுவார்கள்.

மே மாதம் குளிரும் என்பதற்கு ஆவணம் உண்டா என்று நீதிபதி கேட்டார்.

பூமி உருண்டை என்பதை யாரும் தாக்கல் செய்திருக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்வெட்டரின் கழுத்தைப் புரட்டினார்.

"பத்து வயசுன்னு போட்டிருக்கு. மைனருக்கு வயசு எட்டு. ரெண்டு வருஷம் அங்கேயே தங்குற திட்டம், யுவர் ஆனர். திரும்பி வர்ற எண்ணமே இல்லை."

கோர்ட் அசந்து போனது. கண்டுபிடிப்பு அப்படி.

அவள் எழுந்துவிட்டாள்.

"வளர்ற பிள்ளைக்கு யாருங்க அளவா வாங்குவாங்க?"

உட்காரச் சொன்னார்கள். உணர்ச்சிவசப்படக் கூடாதாம்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தையின் நலனே பிரதானம் என்றார் நீதிபதி. தீர யோசிக்க வேண்டிய விஷயம் என்றார். கோடை விடுமுறை முடியட்டும், ஜூனில் பார்க்கலாம் என்றார்.

மே மாதம் முழுக்கக் கோர்ட்டுக்கு விடுமுறை. அதற்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

வெளியே பெஞ்சில் குழந்தை காத்திருந்தாள். நீதிபதி கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

கூப்பிடவில்லை.

அம்மாவைக் கண்டதும் ஓடி வந்தாள். அப்பா வாங்கிக் கொடுத்த புது ஷூ. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று டப் டப்பென்று அடித்தது.

"அம்மா, போறோமா?"



பின்னாலேயே வந்த அவன் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஷூ நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே திணித்திருந்த பஞ்சு அமுங்கியது.

முகமெல்லாம் பெருமை.

"இன்னும் எடமிருக்குடா வெண்பா. அடுத்த வருஷத்துக்கும் ஆகும்."

நிமிர்ந்து பார்த்தான்.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டைவிரலை எடுத்துக்கொண்டான்.