பாலத்தில் எடுத்த படம்

“அந்த ஊர்ப் பாலத்துல தனியா நடந்தா அபராதமாம். ஜோடியா, கை கோத்துக்கிட்டுத்தான் போகணுமாம்,” என்று பயணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

“சட்டம்னா செஞ்சுதானே ஆகணும்!” என்று அலுத்துக்கொண்டார், கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கும் என் கணவர்.

பாலத்தில் காவலர் பார்க்க, விறைப்பாக என் கையைப் பிடித்தார். பாதிப் பாலத்தில் பிடி இளகியது. படகுகளைக் காட்டிக் குழந்தைபோலச் சிரித்தார்.

பாலத்தின் முனையில் புகைப்படக்காரர் எங்கள் படத்தைச் சுடச்சுட நீட்டினார். அதே நீலச் சட்டை, அதே குடை, கோத்த கைகள். முப்பதுகளில் இருக்கும் எங்கள் இருவருக்கும் படத்தில் மட்டும் தலை முழுக்க நரைத்திருந்தது.

“கிழவியானாலும் அழகாத்தான்டி இருக்கே!” என்று படத்தைப் பையில் வைத்தவர், பாலம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் கையை விட்டார்.

பதினோரு வருடமாகத் தொண்டையிலேயே நின்றதைக் கேட்டுவிட்டேன்.

“ஏங்க, இனிமேலும் கையைப் பிடிச்சுக்கிட்டே நடங்களேன்.”