லயம் பார்க்க வந்தவர்கள்

கொழும்புக் கம்பெனியின் தொண்டர் குழு, காலையில் ஓடையோரம் மரக்கன்று நட்டுவிட்டு, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் பார்க்கப் போனது.

“வாசல் பதிவா இருக்கு, குனிஞ்சு வாங்க பிரேமினி,” என்றார் குழுத் தலைவர் மிலான். அவள் ஏற்கெனவே குனிந்திருந்தாள்.

“இவங்க கண்டி டவுன். தோட்டமே பார்த்ததில்லையாம்,” என்று பிரேமினியைக் காட்டி வீட்டுக்காரி பாக்கியத்திடம் சொன்னார்.

பாக்கியம் பிரேமினியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படிங்களா? உக்காருங்க மிஸ்.”

எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். தொட்டு நக்கிக்கொள்ள ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சீனி வைத்தாள். பிரேமினிக்கு மட்டும் வைக்கவில்லை.

“இவங்களுக்கு, அக்கா?” என்றார் மிலான்.

“அவங்களுக்குச் சீனி புடிக்காதுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பாக்கியம் அடுப்படிக்குப் போனாள். சீனியில்லாத பிளேன்டீயை அவள் மகள் தலை நிமிராமல் குடித்தாள்.