தேனிலவுக்குப் போன நீள லென்ஸ்

அந்தமானுக்குத் தேனிலவு கிளம்பிய இளம்பரிதி, தன் கேமராவின் நீள லென்ஸுக்கு இடம் வேண்டுமென்று மனைவி சாருலதாவின் புதுப் புடவையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தான்.

"அவள் ஆசையாக வாங்கினாள்" என்று புடவை முனகியது.

"ஆசையையும் நானே படம்பிடித்துக்கொள்கிறேன், நீ கிட!" என்று லென்ஸ் இளக்காரமாய்ச் சொன்னது.

தீவில் அவன் பறவைகளைப் படமெடுக்க லென்ஸைத் துடைப்பதும் காத்திருப்பதுமாகவே இருந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த சாருலதா தனியாகவே படகேறினாள்.

சற்று நேரத்தில், தூரத்துப் படகில் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண் லென்ஸில் தெளிவாக விழுந்தாள். இளம்பரிதி சொக்கிப்போனான்.

"யார் இவள்? என்ன அழகாகச் சிரிக்கிறாள்!"

லென்ஸுக்கே பொறுக்கவில்லை. "உன் பெண்டாட்டிதான்டா, மடையா!" என்று கத்தியது.

அவனுக்கு அது லென்ஸ் சுழலும் 'கிர்ர்' சத்தமாக மட்டுமே கேட்டது.